காற்றுக்கு ஒரு கண்

"மஸில் என்றால் தசை... மஸில் என்றால் தசை... மஸில் என்றால் தசை..."

திண்ணையில் உட்கார்ந்து என் அக்கா மகள் உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மறுநாள் ஆங்கிலத் தேர்வு. நோட்டில் இருபது சொற்கள், எதிரே இருபது பொருள்கள். பத்தாவது சொல்லுக்குப் போவதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

"மாமா, இங்கிலீஷ் வார்த்தை எதுவுமே மனசுல நிக்க மாட்டேங்குது" என்றாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

"நோட்டைக் கீழ வை. சட்டைக் கையை மேல ஏத்திக்கோ. இப்ப கையை இறுக்கி மடக்கு. எதாவது தெரியுதா?"

"தசை புடைக்குது."

"நீட்டி நீட்டி மடக்கிப் பாரு. தோலுக்கு அடியில என்ன ஓடுற மாதிரி இருக்கு?"

நாலைந்து முறை மடக்கி நீட்டினாள். சட்டென்று சிரித்துவிட்டாள். "எலி ஓடுற மாதிரி இருக்கு மாமா!"

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர்கள் பேசிய லத்தீன் மொழியில் 'மூஸ்' என்றால் எலி, 'மூஸ்குலுஸ்' என்றால் சுண்டெலி. தோலுக்கு அடியில் ஓடி ஒளியும் தசைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அதுதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'மஸில்' ஆயிற்று.

பிள்ளைகளே, நீங்களும் இப்போதே கையை மடக்கிப் பாருங்கள். அந்தச் சுண்டெலி உங்கள் கையிலும் ஓடும்.

எலியும் கெண்டையும்

அந்த எலி எப்படி ஓடுகிறது? தசைக்குள் மெல்லிய புரத இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மூளையிலிருந்து 'மடக்கு' என்று செய்தி வந்ததும் இந்த இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உள்ளே நகர்கின்றன. தசையின் நீளம் குறைகிறது, நடுப்பகுதி தடிக்கிறது. நாம் பார்க்கும் புடைப்பு அதுதான்.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் மேற்கையின் முன்பக்கம் இருக்கும் இருதலைத் தசை கையை மடக்குகிறது. நீட்டுவதற்குப் பின்பக்கம் இருக்கும் முத்தலைத் தசை இழுக்க வேண்டும். ஒன்று இழுக்கும்போது மற்றது தளரும். இடது கையால் வலது மேற்கையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மடக்கி நீட்டினால் இந்த மாறிமாறி நடக்கும் வேலை விரலுக்குத் தெரியும்.

இப்போது குனிந்து முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். அந்த இடத்துக்குத் தமிழில் என்ன பெயர்? கெண்டைக்கால். கெண்டை என்பது ஆற்றிலும் குளத்திலும் இருக்கும் மீன். நடுவில் உருண்டு, இரண்டு முனையிலும் ஒடுங்கும் அந்த மீனைப் போல இருப்பதால் நம்மவர்கள் அந்தச் சதைக்குக் கெண்டை என்று பேர் வைத்தார்கள். ரோமாபுரிக்காரர் கண்ணுக்கு எலி, நம் ஊர்க்காரர் கண்ணுக்கு மீன். இரண்டு பேரும் உற்றுப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி இதுதான்: சொல் என்பது மனப்பாடம் செய்வதற்காக யாரோ எழுதிவைத்த பட்டியல் இல்லை. என்றோ ஒருவர் ஒரு பொருளை உற்றுப் பார்த்தார். பார்த்ததைப் பெயராக்கினார். அவர் பார்த்ததை நாமும் பார்த்துவிட்டால் சொல் தானாக மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஜன்னல் பார்க்குமா?

அடுத்த சொல்லுக்குப் போனோம். 'விண்டோ' என்றால் ஜன்னல்.

இந்தச் சொல்லை ஆங்கிலேயருக்குக் கொடுத்தவர்கள் வைக்கிங்குகள். வடக்கே நார்வே, டென்மார்க் பகுதிகளிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தவர்கள். முதலில் கொள்ளையடிக்க வந்தார்கள், பிறகு குடும்பத்தோடு குடியேறினார்கள். அவர்கள் பேசிய மொழியில் 'விண்ட்' என்றால் காற்று, 'அவ்கா' என்றால் கண். இரண்டையும் சேர்த்தால் 'விண்டவ்கா', அதாவது காற்றுக் கண். நாளடைவில் தேய்ந்து 'விண்டோ' ஆகிவிட்டது. முட்டைக்கு 'எக்', கத்திக்கு 'நைஃப்', வானத்துக்கு 'ஸ்கை' என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, அவையும் இவர்கள் மொழியிலிருந்து வந்தவைதாம்.

ஏன் காற்றுக் கண்? அந்தக் காலத்து வீடுகளில் கண்ணாடி கிடையாது. வீட்டின் நடுவில் குளிருக்கு அடுப்பு எரியும். சூடான காற்று லேசானது, மேலே போகும். புகையையும் தூக்கிக்கொண்டு போகும். அந்தப் புகை வெளியேற மேலே ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். வீட்டுக்கு அது கண் போல. காற்று அதன் வழியாகத்தான் போய்வரும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். சிலப்பதிகாரத்தில் ஜன்னலுக்கு ஒரு பெயர் இருக்கிறது: காலதர். 'கால்' என்றால் காற்று, 'அதர்' என்றால் வழி. காற்று வரும் வழி! பலகணி என்றும் ஒரு சொல் உண்டு. பல கண்களை உடையது என்று பொருள். வைக்கிங்குகள் காற்றையும் கண்ணையும் சேர்த்து ஒரே சொல்லாக்கினார்கள். நம் முன்னோர்கள் காற்றை ஒரு சொல்லிலும் கண்ணை இன்னொரு சொல்லிலும் வைத்தார்கள். கடல்களுக்கு அப்பால் இருந்த இரண்டு கூட்டத்தார், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, ஒன்றையே நினைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் 'ஜன்னல்' எங்கிருந்து வந்தது? போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. அவர்கள் மொழியில் ஜன்னலுக்கு 'ஜனேலா' என்று பெயர். சாவி, அலமாரி, மேசை எல்லாமே அவர்களோடு கப்பலேறி வந்த சொற்கள்தாம். இப்போது அவை நம் வீட்டுப் பிள்ளைகள்.

செல் என்றால் அறை

"மாமா, உங்க செல்லைக் கொடுங்க" என்று அவள் கேட்டாள். நல்ல சமயத்தில் நல்ல சொல் வந்து மாட்டியது.

செல்போனை நாம் 'செல்' என்கிறோம். அறிவியல் பாடத்திலும் 'செல்' வருகிறது. உயிரணு என்று படிக்கிறீர்கள். சிறைச்சாலையில் கைதி இருக்கும் அறைக்கும் ஆங்கிலத்தில் 'செல்' என்றுதான் பெயர். மூன்றுக்கும் என்ன உறவு?

லத்தீனில் 'செல்லா' என்றால் சிறிய அறை. 1665இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய அறிஞர், தக்கையை மெல்லிய சீவலாகச் சீவி நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்த்தார். தேனடையைப் போல வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி அறைகள் தெரிந்தன. அவற்றுக்கு 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தவை செத்துப்போன செல்களின் வெறும் சுவர்கள்தாம். உள்ளே இருந்த உயிர்ப்பொருள் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

செல்போன் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1947இல் பெல் ஆய்வகத்துப் பொறியாளர்கள் ஒரு திட்டம் எழுதினார்கள். ஒரு நகரம் முழுவதற்கும் ஒரே பெரிய கோபுரம் வைத்தால் ஒரே நேரத்தில் கொஞ்சம் பேர்தான் பேச முடியும். அதற்குப் பதிலாக நகரத்தைத் தேனடை போலச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய கோபுரம் வைத்தால்? தள்ளித் தள்ளி இருக்கும் பகுதிகளில் அதே அலைவரிசையை மறுபடியும் பயன்படுத்தலாம். நிறையப் பேர் பேசலாம். அந்த ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் செல். நீங்கள் பேருந்தில் போய்க்கொண்டே பேசும்போது, ஒரு செல்லின் கோபுரம் உங்கள் அழைப்பை அடுத்த செல்லின் கோபுரத்திடம் ஒப்படைக்கிறது. அறை விட்டு அறைக்குப் போவது போல.

ஆக, கைதி இருக்கும் அறை, உயிர் இருக்கும் அறை, அழைப்பு இருக்கும் அறை. ஒரு சொல்லின் வேரைப் பிடித்தால் மூன்று பாடம் கையில் வந்துவிடுகிறது.

வயிற்றில் பட்டாம்பூச்சி, வயிற்றில் புளி

சொற்கள் மட்டும் அல்ல, சொற்றொடர்களும் இப்படித்தான். தேர்வு அறைக்குப் போகுமுன் ஆங்கிலேயப் பிள்ளைகள் வயிற்றில் பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன என்பார்கள். நம் வீட்டில் பாட்டி என்ன சொல்வார்? "வயித்துல புளியைக் கரைக்குது."

பட்டாம்பூச்சிக்கும் புளிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இரண்டு மொழியிலும் பயம் வந்து உட்காரும் இடம் வயிறுதான். ஏன் தெரியுமா?

பயம் வந்ததும் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. அது சுரக்கும் சுரப்பிகள் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி போல உட்கார்ந்திருக்கின்றன. லத்தீனில் 'அட்' என்றால் அருகில், 'ரேன்' என்றால் சிறுநீரகம்; பெயரிலேயே முகவரி இருக்கிறது, பாருங்கள். இந்தச் சுரப்பு வந்ததும் உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. வயிற்றுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துக் கை கால் தசைகளுக்கு அதிகமாக அனுப்புகிறது. புலி துரத்தும்போது சோறு செரிக்க வேண்டிய அவசரம் இல்லை அல்லவா? செரிமான வேலை தடுமாறி நிற்கிறது. இரைப்பையையும் குடலையும் சுற்றிப் பத்துக் கோடிக்கும் அதிகமான நரம்பு செல்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. வயிற்றில் நடக்கும் மாற்றம் அவற்றின் வழியாக நமக்குத் தெரிகிறது. அந்த உணர்வை ஒருவர் சிறகடிப்பு என்றார், இன்னொருவர் புளிப்பு என்றார்.

அதனால் தேர்வுக்கு முன் வயிற்றைக் கலக்கினால் பயப்படாதீர்கள். உடம்பு தன் வேலையைச் செய்கிறது. நாலு முறை மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள், அது அடங்கும்.

நீல நிலவும் அத்திப்பூவும்

எப்போதாவது ஒருமுறை நடப்பதை ஆங்கிலத்தில் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பார்கள். நீல நிலவு வரும்போது என்று பொருள். இன்று நீல நிலவு என்று எதைச் சொல்கிறார்கள்? ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால், இரண்டாவதற்கு அந்தப் பெயர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சுமார் 29½ நாள். பிப்ரவரி தவிர மற்ற மாதங்களுக்கு 30 அல்லது 31 நாள். அப்படியானால் மாதத்தின் தொடக்கத்திலேயே ஒரு பௌர்ணமி வந்துவிட்டால், கடைசியில் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும். 19 ஆண்டுகளில் சுமார் ஏழு முறை இப்படி நடக்கும். பிப்ரவரியில் மட்டும் நடக்கவே நடக்காது. ஏன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். 2023 ஆகஸ்ட் மாதம் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று இரண்டு பௌர்ணமி வந்தன. அந்த இரண்டுக்கும் நடுவில், ஆகஸ்ட் 23 அன்றுதான் நம் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கியது.

அந்த நிலவு நீலமாக இருக்காது. ஆனால் நிலவு உண்மையிலேயே நீலமாகத் தெரிந்ததும் உண்டு. 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபோது சாம்பல் வானத்தில் வெகு உயரத்துக்குப் போய்ப் பரவியது. அதில் இருந்த நுண்துகள்கள் சிவப்பு ஒளியைச் சிதறடித்து, நீலத்தை மட்டும் நேராக வரவிட்டன. பல நாடுகளில் நிலவு நீலமாகத் தெரிந்தது.

இதையே நாம் எப்படிச் சொல்வோம்? 'அத்தி பூத்தாற்போல.' அத்திப்பூவை யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த வழக்கு. உண்மையில் அத்தி பூக்காமலா காய்க்கிறது? நாம் அத்திக்காய் என்று நினைக்கும் உருண்டைக்கு உள்ளேதான் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் ஒளிந்திருக்கின்றன. அதன் நுனியில் உள்ள சிறு துளை வழியாகக் மிகச் சிறிய குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. பிஞ்சு ஒன்றைப் பெரியவர்கள் துணையோடு இரண்டாக வெட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அபூர்வம் என்று நினைத்த பூந்தோட்டம் உங்கள் உள்ளங்கையில் இருக்கும்.

சொல்லும் தவறலாம்

சொல்லை வைத்தவர் உற்றுப் பார்த்தார், சரி. அவர் நினைத்தது எப்போதும் சரியாக இருக்குமா? இல்லை.

'மலேரியா' இத்தாலியச் சொல். 'மாலா' என்றால் கெட்ட, 'ஆரியா' என்றால் காற்று. சதுப்பு நிலங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் காய்ச்சல் அதிகம் வருகிறது என்று கவனித்தார்கள். அந்தக் கவனிப்பு சரி. தேங்கிய தண்ணீரிலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என்று முடிவு கட்டினார்கள். அந்த முடிவு தவறு. தேங்கிய தண்ணீரில் வளர்ந்தது கொசு. 1897 ஆகஸ்ட் 20 அன்று, நம் நாட்டில் செகந்தராபாத்தில், ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, மலேரியாக் கிருமி அங்கே வளர்வதைக் கண்டுபிடித்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காற்றின் மேல் இருந்த பழி நீங்கியது. பெயர் மட்டும் இன்னும் 'கெட்ட காற்று' என்றே இருக்கிறது.

சொல்லைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளும் தவறலாம். 'நியூஸ்' என்பது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கு திசைகளின் முதல் எழுத்து என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. 'நியூ' என்றால் புதியது. 'நியூஸ்' என்றால் புதியவை. அவ்வளவுதான். பழைய ஆங்கில நூல்களில் இந்தச் சொல்லைப் பல விதமான எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள். நான்கு திசைக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. அழகான கதையாக இருந்தாலும் சோதித்துப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும். அறிவியல் நமக்குக் கற்றுத்தரும் பழக்கம் அது.

நாம் கொடுத்தவை

வாங்கிக்கொண்டதையே பேசிக்கொண்டிருக்கிறோமே, நாம் கொடுத்தது ஒன்றும் இல்லையா? இருக்கிறது.

மரங்களைக் கயிற்றால் கட்டி மிதக்கவிடும் நம் மீனவர்களின் கட்டுமரம், ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' ஆயிற்று. சோழமண்டலக் கரையில் இப்படி ஒரு மிதவை இருப்பதை வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார். கட்டுமரத்தில் அலை ஏறினாலும் தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாக வடிந்துவிடும். உள்ளே தேங்கி மூழ்கடிக்க வழி இல்லை. இன்று ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்றால் இரண்டு அடிப்பகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிணைத்த படகு. பொருள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. கட்டுவது மட்டும் மாறவில்லை.

நம் மிளகுத் தண்ணீர் 'மலகடானி' என்ற சூப் ஆகி ஆங்கிலேயர் மேசைக்குப் போயிற்று. குருந்தம் என்ற நம் கல்லின் பெயர் 'கொரண்டம்' என்று அறிவியல் நூல்களில் ஏறியிருக்கிறது. மாணிக்கமும் நீலமும் இந்தக் கொரண்டத்தின் வகைகள்தாம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9.

ஒரு நோட்டு, ஒரு கேள்வி

அன்று இரவு எட்டு மணிக்கு அக்கா மகள் நோட்டை மூடினாள். இருபது சொல்லில் ஆறு சொல்லுக்குத்தான் எங்களால் வேர் தேட முடிந்தது. ஆனால் அந்த ஆறையும் அவள் இன்றுவரை மறக்கவில்லை. ஜன்னல் கதவைத் திறக்கும்போதெல்லாம் "காற்றுக்குக் கண்ணைத் திறக்கிறேன் மாமா" என்கிறாள்.

நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். நாளுக்கு ஒரு சொல் போதும். ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதி, இது ஏன் இந்தப் பெயர் பெற்றது என்று கேளுங்கள். நூலகத்தில் நல்ல அகராதியைப் புரட்டுங்கள், ஆசிரியரிடம் கேளுங்கள். பக்கத்திலேயே அதற்கான தமிழ்ச் சொல்லை எழுதி அதையும் அதே கேள்வி கேளுங்கள். முதல் சொல்லை நானே தருகிறேன்: காலையில் சாப்பிடும் 'பிரேக்ஃபாஸ்ட்'. 'பிரேக்' என்றால் முறிப்பது. 'ஃபாஸ்ட்' என்றால் இங்கே வேகம் இல்லை, பட்டினி. இரவெல்லாம் சாப்பிடாமல் இருந்ததை முறிக்கும் உணவு அது.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம், பிள்ளைகளே. அது உங்களைப் போலவே கண்ணும் காதும் உள்ள மனிதர்கள் உலகத்தைப் பார்த்து வைத்த பெயர்களின் மூட்டை. அவிழ்த்துப் பார்க்க உங்களுக்குத் தேவையானது ஒரே ஒரு கேள்விதான்: ஏன்?